முகவரி பங்குதாரருக்கு, படிப்பது கணினி

1926ஆம் ஆண்டு. வால் ஸ்ட்ரீட்டில் சொந்தமாக முதலீட்டுத் தொழில் நடத்திவந்த பெஞ்சமின் கிரஹாமுக்கு அப்போது வயது 32. ரயில்வேக்களைக் கண்காணித்த அமெரிக்க அரசு ஆணையத்தின் அறிக்கை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எண்ணெய்க் குழாய் கம்பெனிகளைப் பற்றிய சில புள்ளிவிவரங்கள் அவர் கண்ணில் பட்டன. அந்தக் கம்பெனிகள் ஆணையத்துக்குத் தாக்கல் செய்த கணக்கிலிருந்து எடுத்தவை என்று ஒரு குறிப்பும் இருந்தது. அப்படியானால் முழுக் கணக்கும் வாஷிங்டனில் இருக்க வேண்டுமே என்று கிரஹாம் ரயிலேறினார். ஆவண அறையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பொது ஆவணம்தான், போய்க் கேட்கத்தான் ஆளில்லை.

நார்தர்ன் பைப்லைன் என்ற கம்பெனியின் பங்கு அப்போது சந்தையில் 65 டாலருக்குப் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியோ பங்கு ஒன்றுக்கு 95 டாலர் மதிப்புள்ள ரயில்வே கடன்பத்திரங்களையும் உடனே காசாக்கக்கூடிய மற்ற சொத்துகளையும் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. பங்குதாரர்களுக்கு அனுப்பிய கணக்கைப் படித்து யாரும் இதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

1927 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆயில் சிட்டி என்ற சிற்றூரில் நடந்தது. கிரஹாம் இரவு ரயிலில் பிட்ஸ்பர்க் போய், அங்கிருந்து உள்ளூர் ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த மற்றவர்கள் எல்லாரும் கம்பெனி ஊழியர்கள். ஆண்டறிக்கையை ஏற்பதாகத் தீர்மானம் வந்தது. அறிக்கை எங்கே என்று கேட்டார் கிரஹாம். தயாராக இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். இல்லாத அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அவர் பேச அனுமதி கேட்டார். தீர்மானமாகக் கொண்டுவாருங்கள் என்றார்கள். கொண்டுவந்தார். வழிமொழிய ஒருவரும் இல்லை. கூட்டம் முடிந்துவிட்டது. மறு ஆண்டு அவர் பங்குதாரர்களைத் தேடிப்பிடித்து ஆதரவு திரட்டி, ஐந்து இயக்குநர் இடங்களில் இரண்டைப் பிடித்ததும், கடைசியில் பங்குக்கு 70 டாலர் பங்குதாரர் கைக்கு வந்து சேர்ந்ததும் தனிக்கதை.

கம்பெனி தன் பங்குதாரர்களுக்கு எழுதும் கடிதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஆயில் சிட்டிக் கூட்டத்தை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கணினி வந்து அந்தக் கடிதத்தின் உயிரைப் போக்கிவிட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. கணினிக்கு முந்திய காலத்தில் பெரும்பாலான கடிதங்களுக்கு உயிர் இருந்ததே இல்லை. முதலாளி எழுதினால் எழுதினார், இல்லாவிட்டால் இல்லை. 1902ஆம் ஆண்டுக்கான யு.எஸ். ஸ்டீல் கம்பெனியின் அறிக்கை, பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தணிக்கையோடும் புகைப்படங்களோடும் வந்ததற்காக இன்றும் வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெறுகிறது. ஒழுங்காகக் கணக்குச் சொன்னதே அந்தக் காலத்தில் செய்தி.

1933, 1934ஆம் ஆண்டுச் சட்டங்கள் அமெரிக்கக் கம்பெனிகளைத் தங்கள் கணக்கைத் திறந்து காட்ட வைத்தன. ஆனால் எந்தச் சட்டமும் கடிதத்தைக் கேட்கவில்லை. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன வர வேண்டும் என்று சட்டம் சொல்லும்; அதற்கு முன்னால் தலைவர் கையெழுத்திட்டு எழுதும் நாலு பக்கம் வெறும் வழக்கம். ஆண்டறிக்கையில் ஒரு மனிதர் தன் இஷ்டப்படி பேசக்கூடிய ஒரே இடம் அது. அந்த இடத்தில் அவர் யாரை மனதில் வைத்துப் பேசுகிறார் என்பதை வைத்தே அந்தந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளலாம்.

நம் நாட்டுக் கதையைப் பாருங்கள். லைசென்ஸ் ராஜ் காலத்தில் ஆங்கில நாளிதழ்களில் அரைப்பக்கம், முழுப்பக்கம் என்று கம்பெனித் தலைவரின் உரை விளம்பரமாக வரும். மேலே மார்பளவுப் புகைப்படம், கீழே எறும்பு ஊர்வதுபோல் நெருக்கமான எழுத்து. அடியில், இது பொதுக்கூட்ட நடவடிக்கைகளின் பதிவு ஆகாது என்று மறக்காமல் ஒரு வரி. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, கூட்ட நடவடிக்கை என்று சொல்லிக் கம்பெனிச் செலவில் விளம்பரம் போட்டால், கூட்டக் குறிப்பில் இருக்க வேண்டிய விஷயங்கள் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். ஒரு பங்குதாரர் எழுந்து கேட்ட ஏடாகூடமான கேள்வியும் அச்சேற வேண்டிவரும். அதற்கான முன்ஜாமீன்தான் அந்த ஒரு வரி. உரை முழுக்க உற்பத்தி வரி, இறக்குமதிக் கட்டுப்பாடு, விலைக் கட்டுப்பாடு, மின்வெட்டு. 'பெருமதிப்பிற்குரிய பங்குதாரர்களே' என்று தொடங்கினாலும் பேச்சு டெல்லியில் உத்யோக் பவனில் உட்கார்ந்திருக்கும் அரசுச் செயலாளரோடுதான். ஜே.ஆர்.டி. டாட்டாவைப் போல எழுதத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்; அவர் பங்குதாரர்களுக்கு விடுத்த அறிக்கைகளிலிருந்து தொகுத்து 1986இல் 'கீநோட்' என்று ஒரு நூலே வந்தது. அப்படிப்பட்டவர்கள் சிலர்தான்.

ஆக, முகவரியில் ஒருவர், மனதில் வேறொருவர் என்பது கணினி கொண்டுவந்த பழக்கம் கிடையாது. அந்த வேறொருவர் யார் என்பதைத்தான் கணினி மாற்றியது.

முதலில் வந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது, அதனாலேயே அதைப் பற்றி அதிகம் பேசினோம். 1985இல் பேஜ்மேக்கரும் லேசர் அச்சுப்பொறியும் வந்தன. பக்கம் வடிவமைப்பது மேஜை வேலையானது. வழவழப்பான தாள், வண்ணப் பட்டை வரைபடம், தலைக்கவசம் அணிந்து சிரிக்கும் தொழிலாளி, செடி நடும் குழந்தை என்று அறிக்கை பளபளத்தது. பழைய வாசகத்தை வெட்டி ஒட்டுவது சுலபமானதால், ஒருமுறை நுழைந்த எச்சரிக்கைப் பத்தி பிறகு வெளியேறவே இல்லை. சட்டமும் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனது. ஹெச்எஸ்பிசி வங்கியின் 2007ஆம் ஆண்டறிக்கை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. தபால்காரர் ஒருவர் எத்தனை பிரதி சுமக்கலாம் என்பதற்கு பிரிட்டன் தபால்துறை வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. அத்தனை பக்கங்களுக்கு முன்னால் தலைவரின் கடிதம், கல்யாணப் பந்தியில் இலை ஓரத்து உப்பு மாதிரி ஆகிவிட்டது.

உண்மையான திருப்பம் சத்தமில்லாமல் நடந்தது. கம்பெனிகள் தாக்கல் செய்வதை மின்னணு முறைக்கு மாற்ற அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமான எஸ்.இ.சி. 1984இல் வெள்ளோட்டம் தொடங்கியது. அந்த அமைப்பின் பெயர் எட்கர். 1993இலிருந்து 1996க்குள் படிப்படியாக எல்லா உள்நாட்டுக் கம்பெனிகளுக்கும் அது கட்டாயமானது. தாக்கல்தான் மின்னணு, பொதுமக்கள் பார்க்க வழி என்ன? மொத்தத் தகவலை வாங்கி விநியோகிக்கும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. மற்றவர்கள் காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் சேர்ந்த ஆவணத்துக்கு மக்களே மறுபடி காசு கட்டும் ஏற்பாடு.

கார்ல் மலமூட் என்ற இணைய ஆர்வலர் இதை உடைத்தார். தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் மானியம் வாங்கி, நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, 1994இலிருந்து எட்கர் ஆவணங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டார். ஆட்கள் பழகிக்கொள்ளும்வரை பொறுத்திருந்தார். 1995இல், இந்தச் சேவையைக் குறிப்பிட்ட தேதியோடு நிறுத்தப்போகிறேன், தொடர வேண்டுமென்றால் எஸ்.இ.சி.யிடம் கேளுங்கள் என்று அறிவித்துவிட்டார். கடிதங்கள் குவிந்தன. ஆணையம் இறங்கிவந்து பொறுப்பை ஏற்றது. அவசரத்துக்கு மலமூட் தன் கணினிகளையே இரவல் கொடுத்தார். நம்மூரில் யாராவது இப்படிச் செய்தால் முதலில் நோட்டீஸ்தான் வரும்.

கிரஹாம் ரயிலேறிப் போய்ப் பார்த்த ஆவண அறை அன்றோடு எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. கடிதத்துக்கு இது இரண்டு விதத்தில் பொருள்பட்டது. ஒன்று, பழைய கடிதம் சாகாமல் போனது. அதற்கு முன் ஆண்டறிக்கை என்பது படித்தோ படிக்காமலோ பழைய பேப்பர்காரர் தராசுக்குப் போகும் பொருள். மூன்று வருஷத்துக்கு முன் தலைவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்று பார்க்க யாரிடமும் பிரதி இருக்காது. இணையத்தில் அது அப்படியே கிடக்கும்.

இதை முதலில் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டவர்களில் வாரன் பஃபெட் ஒருவர். மேஜையில் கணினி வைத்துக்கொள்ளாதவர் என்று பெயரெடுத்தவர். 1990களில் கணினி பக்கம் அவரை இழுத்ததே இணையத்தில் சீட்டாடும் ஆசைதான். மஞ்சள் தாளில் கையால் எழுதுவார். 1977இலிருந்து அவர் கடிதங்களைத் திருத்திக் கொடுத்தவர் ஃபார்ச்சூன் பத்திரிகையின் கேரல் லூமிஸ். ஆனால் அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்தவே கம்பெனியின் இணையதளத்தைப் பாருங்கள்: படமில்லை, அலங்காரமில்லை, சுட்டிகளின் பட்டியல் மட்டும். அதில் 1977இலிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும் இருக்கிறது. தவறான முதலீடு என்று அவரே ஒப்புக்கொண்டவையும் அதே பட்டியலில்தான். புதுக் கடிதத்தைச் சனிக்கிழமை காலையில் வெளியிட்டுவந்தார், திங்கட்கிழமை சந்தை திறக்கும்முன் சாதாரணப் பங்குதாரரும் நிதானமாகப் படித்துக்கொள்ளட்டும் என்று. இணையம் தந்த வேகத்தை அவர் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்து, அது தந்த பரவலை மட்டும் எடுத்துக்கொண்டார். 1998இல் எஸ்.இ.சி. வெளியிட்ட எளிய ஆங்கிலக் கையேட்டுக்கு முன்னுரை எழுதியபோது, தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரோடும் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவதாகச் சொன்னார். 2025 நவம்பரில், இனி ஆண்டறிக்கைக் கடிதம் எழுதப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

ஜெஃப் பெசோஸ் வேறு வழியில் போனார். அமேசானின் 1997ஆம் ஆண்டுக் கடிதத்தில், உடனடி லாபத்தைவிட நீண்டகாலச் சந்தை இடமே முக்கியம் என்று எழுதியவர், அதற்குப் பின் ஒவ்வொரு ஆண்டும் புதிய கடிதத்தோடு அந்தப் பழைய கடிதத்தையும் இணைத்து அனுப்பினார். நான் அன்று சொன்னதும் இன்று செய்வதும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்ற சவால் அது. கொஞ்சம் விளம்பர வித்தையும் உண்டு என்று வைத்துக்கொண்டாலும், அதைச் செய்யத் துணிந்த தலைவர்கள் வேறு எத்தனை பேர்?

இரண்டாவது விளைவு நேரெதிர். எழுதியது அழியாது, உலகமே ஒரே நொடியில் பார்க்கும் என்று தெரிந்ததும் வக்கீல்கள் கடிதத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். 2000இல் எஸ்.இ.சி. கொண்டுவந்த விதிப்படி, சிலருக்கு மட்டும் தகவல் கசியவிடுவது தடையானது. 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், மாதப் பார்வை நேரம் நூறு கோடி மணியைத் தாண்டிவிட்டது என்று தன் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதியதற்கு விசாரணையே வந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், எந்தத் தளத்தில் சொல்வோம் என்று முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தால் சமூக ஊடகத்திலும் அறிவிக்கலாம் என்று ஆணையம் சொன்னது. ஆண்டுக்கொரு முறை வரும் கடிதத்தில் செய்தி என்று எதுவும் மிஞ்சாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். செய்தி எப்போதோ வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மிஞ்சுவது சிந்தனை ஒன்றுதான், அது எல்லாரிடமும் கைவசம் இருப்பதில்லை.

இதற்குள் இன்னொரு வாசகர் உள்ளே வந்துவிட்டார். எட்கர் தளத்திலிருந்து கம்பெனிகளின் ஆண்டு, காலாண்டு அறிக்கைகளை மனிதர்கள் மட்டுமா இறக்கிக்கொண்டிருந்தார்கள்? கணினி நிரல்கள் தாமாக இறக்கிக்கொண்டவை 2003இல் சுமார் 3.6 லட்சம், 2016இல் சுமார் 16.5 கோடி. அளந்தவர்கள் ஷான் காவ், வெய் ஜியாங் முதலான பொருளாதார ஆய்வாளர்கள். இந்தக் கணக்கு சட்டப்படியான அறிக்கைகளைப் பற்றியது, கடிதத்தைப் பற்றியதல்ல என்பது உண்மை. ஆனால் இன்று பல அமெரிக்கக் கம்பெனிகள் அந்தச் சட்ட அறிக்கைக்கே ஒரு அட்டையும் நாலு பக்கக் கடிதமும் சேர்த்து ஆண்டறிக்கை என்று அனுப்புகின்றன; ஒரே கைகள்தான் இரண்டையும் எழுதுகின்றன, திருத்துகின்றன.

இந்த இயந்திர வாசகர் எப்படிப் படிக்கிறார்? ஆரம்பத்தில் மிகவும் அசடாகத்தான். ஹார்வர்டில் உளவியல், சமூகவியல் வேலைக்காகத் தொகுத்த பழைய சொற்பட்டியலை வைத்துக்கொண்டு, எதிர்மறைச் சொற்கள் எத்தனை என்று எண்ணியது. அந்தப் பட்டியலில் வரி, செலவு, மூலதனம், பொறுப்புத்தொகை எல்லாமே கெட்ட சொற்கள். புற்றுநோய் மருந்து செய்யும் கம்பெனி தன் தொழிலைச் சொன்னாலே துக்கச் செய்தி. டிம் லோக்ரன், பில் மெக்டொனால்டு என்ற இரு நிதிப் பேராசிரியர்கள் 2011இல் இதை அம்பலப்படுத்தினார்கள்: கம்பெனி அறிக்கைகளில் வரும்போது, பட்டியலின் எதிர்மறைச் சொற்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு எதிர்மறையே அல்ல. கையோடு, நிதித்துறைக்கென்று ஒரு புதிய பட்டியலையும் தந்தார்கள். அது நல்ல வேலை, ஆய்வாளர்களும் நிதி நிறுவனங்களும் உடனே எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காவ், ஜியாங் குழுவினர் கண்டது இது: யாருடைய அறிக்கைகளை இயந்திரங்கள் அதிகம் படிக்கின்றனவோ, அந்தக் கம்பெனிகள் 2011க்குப் பிறகு புதிய பட்டியலில் இருக்கும் எதிர்மறைச் சொற்களைத் தவிர்க்கத் தொடங்கின. பழைய ஹார்வர்டு பட்டியலின் சொற்களை அப்படித் தவிர்க்கவில்லை. மாணவன் விடைத்தாள் திருத்துகிறவரின் குறிப்பைக் கண்டுபிடித்துவிட்டான். முதலீட்டாளர்களோடு தொலைபேசியில் பேசும்போதுகூட, குரலை அளக்கும் மென்பொருளுக்குப் பிடித்த தொனியில் சில அதிகாரிகள் பேசுவதாகவும் அதே ஆய்வு சொல்கிறது. உத்யோக் பவன் செயலாளருக்காக எழுதிய அந்தக் காலத் தலைவராவது ஒரு மனிதரை மனதில் வைத்திருந்தார்.

இயந்திரத்தைத் திட்டுவதோடு நிறுத்தவும் முடியாது. அதே இயந்திரம்தான் வேறு எவராலும் முடியாத ஒன்றைச் செய்தது. கோஹன், மலாய், நுயென் என்ற மூவர், அமெரிக்கக் கம்பெனிகளின் அறிக்கைகளை ஆண்டுக்கு ஆண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணினியால் ஒப்பிட்டார்கள். வழக்கமாக ஒட்டும் வாசகத்தை ஒரு கம்பெனி திடீரென மாற்றினால், அதன் பங்கு அடுத்து வரும் மாதங்களில் பின்தங்கியது. விஷயம் வெளிப்படையாக எழுதியிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஃபெங் லி என்பவர் 2008இல் காட்டியது இன்னும் ருசிகரம்: லாபம் குறைந்த கம்பெனிகளின் அறிக்கைகள் படிக்கக் கடினமாக இருக்கின்றன. நெடுநாள் பங்குதாரர்கள் உள்ளூற அறிந்ததுதான். வாக்கியம் நீளும்போது பணப்பையைப் பிடித்துக்கொள் என்று.

இந்தியாவில் பங்குதாரர்கள் கடைசிவரை படித்த கடிதம் எது என்று கேட்டால், 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு எழுதியதைத்தான் சொல்வேன். கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அதில் ஒப்புக்கொண்டார். எழுதியது இயக்குநர் குழுவுக்கு. படித்தது நாடு முழுவதும், அதே நாளில். அதற்கு முந்திய ஆண்டுகளில் அந்த நிறுவனம் பங்குதாரர்களுக்குத் தந்த அறிக்கைகள் அச்சிலும் அழகிலும் குறைவில்லாதவை.

சென்னையில் பொதுக்கூட்டம் என்பது வேறொரு சமாசாரமாக இருந்தது. ஜூலை தொடங்கினால் நாரத கான சபாவிலும் மியூசிக் அகாடமியிலும் கச்சேரிக்குப் பதில் கணக்கு. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் அறிக்கையில் பக்க எண் குறித்துக்கொண்டு வந்து, ஒலிபெருக்கி முன் வரிசையில் நிற்பார்கள். டிபன் பொட்டலத்துக்காகவே வருபவர்கள் என்று அவர்களைக் கேலி செய்தவர்கள், அவர்கள் கேட்ட கேள்விகளைக் கவனித்ததில்லை. 2015இல் கூட்டத்தில் பரிசு தருவது தடையானது. 2011இல் மத்திய அரசு, பசுமை முயற்சி என்ற பெயரில் ஆண்டறிக்கையை மின்னஞ்சலில் அனுப்ப வழிவிட்டது. 2020இல் கோவிட் வந்ததும் கூட்டம் திரைக்குப் போயிற்று. ஒரு காலத்தில் பொதுக்கூட்டத்துக்கு மைதானம் பிடித்த ரிலையன்ஸ், அந்த ஜூலையில் தன் சொந்தச் செயலியிலேயே நடத்தியது. தூரத்து ஊரில் இருக்கும் பங்குதாரரும் கலந்துகொள்ளலாம் என்பது பெரிய லாபம்தான். ஆயில் சிட்டிக்கு இனி யாரும் ரயிலேற வேண்டாம். ஆனால் திரையில் யார் பேசலாம் என்று முன்பதிவு செய்ய வேண்டும், ஒலியைத் திறப்பதும் மூடுவதும் கம்பெனியின் கையில். வழிமொழிய ஆளில்லாமல் கிரஹாம் உட்கார்ந்ததற்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை.

2024 டிசம்பரில் இந்தியப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதியைத் திருத்தியது. மின்னஞ்சல் பதிவு செய்யாத பங்குதாரருக்கு, ஆண்டறிக்கை எந்த இணைய முகவரியில் இருக்கிறது என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் தபாலில் போகும். கணினியோடு பழகாதவருக்கென்றே தனியாக அனுப்பும் அந்தக் கடிதத்தில் இருப்பது, கணினியில் தட்டவேண்டிய முகவரி.

இப்போது எழுதுகிற பக்கத்திலும் இயந்திரம் வந்தாயிற்று. 2025 மே மாதம் ஸ்வீடன் நாட்டு கிளார்னா நிறுவனம், காலாண்டு முடிவை அறிவிக்கத் தன் தலைவரின் செயற்கை நுண்ணறிவு உருவத்தைத் திரையில் பேச விட்டது. கடிதத்தின் முதல் வரைவை இயந்திரத்திடம் கேட்பது இனி எல்லா அலுவலகத்திலும் நடக்கும். படிக்கிற பக்கத்தில், இதைப் பத்து வரியில் சுருக்கு என்று கேட்கிறோம். இயந்திரம் நீட்டியதை இயந்திரம் சுருக்கும். இதற்குத் தடை கேட்பது வீண். கடிதத்தை யார் தட்டினார் என்பதைவிட, அதில் உள்ள வாக்குக்கு யார் பதில் சொல்வார் என்பதே பங்குதாரருக்கு முக்கியம். பதில் கேட்க, பழைய கடிதம் கையில் இருக்க வேண்டும்.

நம் கம்பெனிகளின் இணையதளங்கள் தடுக்கிவிழுவது அங்கேதான். பக்கத்தைப் புதிதாக வடிவமைக்கும்போது பழைய ஆண்டறிக்கைகள் காணாமல் போய்விடுகின்றன. தலைவர் மாறினால் முந்தையவரின் உரைகளும் அவரோடு விடைபெறுகின்றன. பங்குச்சந்தைக்குத் தெரிவித்த முக்கிய நிகழ்வுகளை ஐந்து ஆண்டாவது தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்று செபி விதி சொல்கிறது. அதற்குப் பிறகு கம்பெனி தானே வகுத்த ஆவணக் கொள்கைப்படி. ஒரு தொழிற்சாலை கட்டி லாபம் பார்க்கவே ஐந்து ஆண்டு போதாது. பங்குச்சந்தையில் சேர்ந்த நாளிலிருந்து தலைவர் எழுதிய எல்லாக் கடிதங்களையும், தேடக்கூடிய எழுத்து வடிவில், ஒரே பக்கத்தில் வரிசையாக வைக்கச் சொல்லி செபி ஒரு விதி போடலாம். செலவு ஒரு முழுப்பக்க விளம்பரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. பெர்க்‌ஷயர் தளத்தைப் போல அழகில்லாமல் இருந்தால் போதும்.